ஆளில்லாத பட்டினத்தின் கவர்னர்

தண்ணீர் வரவில்லை. வெயில் ஜன்னல் கட்டையைத் தொட்டுவிட்டது, இன்னும் வரவில்லை, இனி வராது என்று நேற்றே தெரியும், இருந்தாலும் படுக்கையில் கிடந்தபடி பின்கட்டுக் கதவு கிறீச்சிடுமா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. என்ன சத்தம் இது, இரைச்சலாக, விடாமல்? கடல். இந்த அறையில் பதினெட்டு வருஷம் தூங்கி எழுந்திருக்கிறேன், இங்கிருந்து கடல் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. தறிச் சத்தம் அதை மூடியிருந்திருக்கிறது. மேலத்தெருவில் ஒரு தறி தொடங்கினால் எதிர்வீட்டுத் தறி பதில் சொல்லும், பிறகு தெரு முழுக்க அடித்துக்கொள்ளும், எனக்கு அதுதான் கோழி கூவுகிற நேரம். இப்போது தறி இல்லை. கோழியும் இல்லை, கோழிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முந்தாநாள் சாயங்காலம் ஊரைச் சுற்றிய கோட்டை மதில்மேல் நின்று பார்த்தேனே, சட்டி பானை, தறிக்கட்டை, தொட்டில் சேலை, கிழவர்களை முதுகில், குழந்தைகளை இடுப்பில், நெசவாளர் தெரு முழுவதும், அதன் பின்னால் மீன்குப்பம், வண்ணார், கொல்லர், என் சமையற்காரன், என் பல்லக்குத் தூக்கிகள், எல்லாரும் உப்பங்கழியைக் கடந்து அக்கரையில் இருக்கிற புன்னைத் தோப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தன் கல் எறியவில்லை. ஒரு கூரைக்குத் தீ வைக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள், அவ்வளவுதான். இதற்குப் பெயர் கலகம் என்கிறான் கேப்டன் ராஸ்க். கலகமென்றால் கூச்சல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மணற்பட்டினத்தில் ராஜாவின் கவர்னர் நான், யொஹான் லிண்ட்ஹோல்ம், இவர்கள் வாயில் லிந்தோல் துரை, என் கையில் கோட்டை இருக்கிறது, கொடி இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, முகம் கழுவத் தண்ணீர் இல்லை.

கிணறு பின்கட்டில்தான் இருக்கிறது. போய் இறைத்தால் போகிறது. கவர்னர் தண்ணீர் இறைப்பதைச் சிப்பாய்கள் பார்த்தால்? பார்க்கட்டும், அவர்களும் நேற்றிலிருந்து இறைத்துத்தான் குடிக்கிறார்கள். கயிறு இவ்வளவு சொரசொரப்பாகவா இருக்கும். வாளி பாதிக் கிணற்றில் சுவரில் மோதித் தளும்புகிறது, மேலே வரும்போது பாதிதான் இருக்கிறது, மறுபடி விடுகிறேன், கயிறு கைக்குள் சறுக்கிக்கொண்டு ஓடுகிறது, எரிச்சல். உள்ளங்கை சிவந்துவிட்டது. முகத்தில் தண்ணீரை அடித்ததும் அந்தக் குரல் மறுபடியும் வருகிறது, மூன்று நாளாக இதேதான், தூங்கப் போனாலும், சவரம் செய்தாலும், நடுவில் வந்து நின்றுகொள்கிறது: “ஒங்க ராசாவ யாரு கூப்புட்டா?” செவ்வந்தியப்ப முதலியார் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ராஜாவின் பிறந்தநாள், போன கப்பலில் வந்த ராஜாவின் படத்தை வழக்கு விசாரிக்கிற கச்சேரி அறையில் மாட்டியிருந்தோம், ஊர்த் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து அதன்முன் குனிந்து வணங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மற்றவர்கள் குனிந்தார்கள். நெசவாளர் தலைவரான முதலியார் நின்றபடியே நின்றார். ஏன் என்றேன். “ராசா வந்தா வணங்குறேன் தொரை, இது வெறும் சாயம்” என்றார். விட்டிருக்கலாம். விடாமல் சாமர்த்தியமாகக் கேட்டேன், நீர் மட்டும் கல்லைக் கும்பிடுகிறீரே என்று. அதற்குத்தான் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, “கல்லுக்குள்ள சாமிய நாங்க கூப்புட்டு வச்சிருக்கோம் தொரை. பூப்போட்டு, பாட்டுப் பாடி, வா வான்னு கூப்புட்டோம். வந்துச்சு. ஒங்க ராசாவ யாரு கூப்புட்டா?” என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள். ராஸ்க் அவர் தலைப்பாகையில் கைவைத்துக் கீழே அழுத்தினான். தலைப்பாகை அவிழ்ந்து தரையில் விழுந்து ஓடியது, அவ்வளவு நீளத் துணி, படத்தின் காலடிவரைக்கும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். “உள்ளே போடு” என்றதும் நான்தான்.

யார் கூப்பிட்டார்கள்? எங்கள் ஊரில் யார் கூப்பிட்டார்கள்? ஆறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ராஜாவைப் பார்த்தேன், உறைந்துபோன துறைமுகத் தெருவில் குதிரைவண்டி போயிற்று, கூட்டம் கத்தியது, நானும் கத்தினேன், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ராஜாவைப் பார்த்தேன் என்று குதித்தேன். நான் பார்த்தது ஒரு தொப்பி. தொப்பியில் ஒரு வெள்ளை இறகு. அந்த இறகை மூலதனமாக வைத்துக்கொண்டுதான் கடல் கடந்து வந்து இத்தனை வருஷம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், வரி போட்டிருக்கிறேன், சண்டை தீர்த்திருக்கிறேன். மோசமாகச் செய்துவிடவும் இல்லை. குப்பத்துக்கும் நெசவாளருக்கும் வலையும் நூலும் உலர்த்தும் மணலுக்காக வெட்டுக்குத்து வர இருந்ததை நானும் முதலியாரும்தான் வெயிலில் நின்று கோடு கிழித்து முடித்தோம். அன்றைக்கு ராஜாவின் பேரால் என்று சொன்னேன், இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு எடை இருந்தது. எங்கிருந்து வந்த எடை? படம் அப்போது இல்லை.

பூட்ஸ் சத்தம். ராஸ்க் வருகிறான், வாளியோடு நிற்கிற என்னைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறான், நல்லவன்தான், பயந்துபோன நல்லவன், அதுதான் ஆபத்து. “தெற்கு மதில் பீரங்கிகளைத் தோப்புப் பக்கம் திருப்பிவிட்டேன் ஐயா” என்கிறான். “ஒரு வார்த்தை போதும். மரங்களுக்கு மேலே ஒரு சுற்று. முதலில் மேலேதான்.” முதலில் என்கிறான். அங்கே தொட்டில் சேலைகள் கிளையில் தொங்கும். நான் வேண்டாம் என்கிறேன். அவன் குரலைத் தாழ்த்துகிறான். “இன்று அவர்கள் வென்றால் நாளைக்கு இந்தக் கொடியை யார் மதிப்பார்கள்? எண்ணெய்க்காரன்கூட மதிக்கமாட்டான்.” உண்மை. அதுவும் உண்மைதான். முதலியாரை விட்டால் அதிகாரம் போயிற்று, விடாவிட்டால் ஊர் போயிற்று, சுட்டால் இரண்டும் போய்ப் பிணங்களுக்குக் கவர்னர். ராத்திரி முழுக்க இதே செக்கைத்தான் சுற்றினேன். வாய் மட்டும் என்னைக் கேட்காமல் பேசுகிறது: “நான் தோப்புக்குப் போகிறேன்.” “பல்லக்கு இல்லையே” என்கிறான் ராஸ்க். “நடந்து.” அவன் முகம் போன போக்கு. பிறகு நிமிர்ந்து, “உச்சிப்பொழுதுவரை காத்திருப்பேன். கொடிமரத்து நிழல் அடியில் ஒடுங்கியும் நீங்கள் வராவிட்டால், பிடித்து வைத்துவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்” என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சிவப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன், ராஜாவின் கோட்டு, பொத்தான் துளையில் போகமாட்டேன் என்கிறது.

முதலியாரை அடைத்திருப்பது மிளகுக் கிடங்கு. கதவைத் திறந்ததும் காரம் மூக்கில் ஏறுகிறது. கிடங்கின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், தலைப்பாகையை மறுபடி கட்டியிருக்கிறார், கண்ணாடி இல்லாமல் இருட்டில் கட்டியதில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சிப்பாய்கள் கொடுத்த சோற்றைத் தொடவில்லை. “போகலாம் முதலியாரே, உம்மை விட்டாயிற்று” என்கிறேன். எழுந்திருக்கவில்லை. “தனியா போகமாட்டேன் தொரை” என்கிறார். எனக்குப் புரியவில்லை. “தனியா போனா, கால்ல விழுந்து கெஞ்சி வந்தேன்னு நெனப்பாங்க. என்னைக் கூட்டியாந்தது ஒங்க ஆளு. கொண்டுபோய் விடுறது நீங்களா இருக்கணும்.” நானும் அங்கேதான் போகிறேன் என்கிறேன். அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார், கொப்புளத்தை. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொண்டுவரச் சொல்கிறேன், குடிக்கமாட்டார், தெரியும், முகத்தைக் கழுவிக்கொள்கிறார். பிறகு நடக்கிறோம், ராஜாவின் கவர்னரும் ராஜாவின் கைதியும், மேலத்தெரு வழியாக, திறந்து கிடக்கிற வீடுகள், ஒரு வாசலில் பாதி போட்ட கோலம், ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

ராஸ்க் சொன்னதை இவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் மிரட்டல். சொல்லாவிட்டால் வஞ்சகம். மதில் வாசலைத் தாண்டிக் கழியோரம் வந்தபோது சொல்லிவிடுகிறேன், உச்சிப்பொழுது, பீரங்கி, எல்லாம். முதலியார் நின்று சூரியனை அண்ணாந்து பார்க்கிறார். “அப்ப வெரசா நடங்க” என்கிறார், அவ்வளவுதான். ஓடக்காரன் அக்கரையில் கலகம் செய்துகொண்டிருக்கிறான், ஆகையால் இறங்கித்தான் கடக்க வேண்டும். நான் இந்த நாட்டுக்குள் நடந்து வந்தவனில்லை. அலை பொங்கிய நாளில் படகிலிருந்து ஒரு மீனவன் என்னைத் தோளில் சுமந்து கரையில் இறக்கினான், அன்றிலிருந்து பல்லக்கு, இந்தக் கழியைப் பல்லக்கின் திரை வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அடியில் சேறு இவ்வளவு குளிர்ச்சியாக, காலை இப்படி உள்ளே இழுக்கும் என்று யார் சொன்னார்கள். இடுப்புவரை தண்ணீர். கோட்டு நனைந்து கனத்துப் பின்னால் இழுக்கிறது. விழுந்தால் ராஸ்க் தூரக்கண்ணாடியில் பார்ப்பான், தள்ளிவிட்டார்கள் என்று நினைப்பான், ஒரு சறுக்கலில் ஊரே எரியும். சறுக்குகிறேன். முதலியாரின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறது. தறியடித்த கை, மரம்போல. கரையேறும்வரை அதை அவர் எடுக்கவில்லை.

தோப்பில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இத்தனை பேரா என் ஊரில்? கச்சேரியில் ஒருவர் இருவராகப் பார்த்திருக்கிறேன், கைகட்டி, குனிந்து. இங்கே முழு உயரத்தில் நிற்கிறார்கள். அடுப்புப் புகை, கருவாட்டு வாசனை, எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்கிறது. என் சமையற்காரன் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், பாவம். இவர்களில் ஒருவன் ஒரு மூங்கிலை எடுத்தால் போதும். முதலியாரின் மனைவி உலகம்மாள் முன்னால் வருகிறாள், கணவரைத் தொடாமல் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறாள், “ஏதாச்சும் சாப்ட்டீங்களா?” என்கிறாள். இல்லை என்று தலையாட்டுகிறார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புகிறாள். “தொரை, இவரு தலப்பாவுல கை வச்சது யாரு?” கேப்டன் என்று சொல்ல வாயெடுக்கிறேன். “என் ஆள்” என்கிறேன். “ஒங்க ஆளுன்னா?” மனத்துக்குள் ஒரு பெரிய பேச்சுத் தயாராக இருந்தது, ராஜாவின் கருணை, சட்டத்தின் மாட்சி, குடிகளின் கடமை, வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்தேன், கழியோடு போய்விட்டது. “நான்தான்” என்கிறேன். “நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.” பின்வரிசையில் கேட்காதவர்களுக்கு யாரோ திருப்பிச் சொல்கிறார்கள், என் வார்த்தை வாய் வாயாகத் தோப்பின் கடைசிவரை போகிறது, நான்தானாம், நிறுத்தலையாம், அது போகப்போக என் முதுகிலிருந்து ஏதோ இறங்குகிறது.

பிறகு பேச முடிகிறது. இனி யார் தலைப்பாகையிலும் என் ஆள் கை படாது என்கிறேன். படத்துக்கு யாரும் குனிய வேண்டாம். “ஆனால் படம் அங்கேதான் இருக்கும். கொடியும் இருக்கும். நாளைக்கு உங்களுக்குள் வழக்கு வந்தால் ராஜாவின் பேரால்தான் தீர்ப்புச் சொல்வேன், வேறு பெயர் என்னிடம் இல்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் அந்த அறைக்கு வாருங்கள். யாருமே வராவிட்டால் இந்த ஊரில் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.” கடைசி வரியை நான் சொல்ல நினைக்கவில்லை. ஒரு கிழ மீனவர் பொக்கைவாயால் சிரிக்கிறார், சிரிப்பு பரவுகிறது, கெட்ட சிரிப்பில்லை. மேலிடத்து உத்தரவை மீறிவிட்டேன். செய்தி கப்பலில் போய்ப் பதில் வர ஒரு மழைக்காலம் தாண்டும், என்னைத் திருப்பி அழைத்தாலும் அழைப்பார்கள். அழைக்கட்டும். முதலியார் தாடையைத் தடவிக்கொள்கிறார். “வர்றதுல என்ன இருக்கு” என்கிறார். “யாரு வீட்டுல பெரியவங்க படம் இருந்தாலும் எந்திரிச்சு நிப்போம். நிக்கிறோம். குனியமாட்டோம்.” பிறகு, “ஆனா நான் ஒருத்தன் சொன்னாப் பத்தாது, எல்லாத்தையும் கேக்கணும். தொரை செத்த நேரம் அந்தாண்ட இருங்க.”

அந்தாண்ட இருங்க. ராஜாவின் கவர்னரை. மரத்தடி மணலில் உட்காருகிறேன். இங்கே எல்லாரும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள், நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை, எப்படிக் காத்திருப்பது என்று தெரியவில்லை, கையை எங்கே வைப்பது? வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், பெண்கள் ஒரு பக்கம், குப்பத்தார் ஒரு பக்கம், குரல் ஏறுகிறது, தணிகிறது, என்னைப் பற்றி, என் ஊரைப் பற்றி, எனக்குப் பாதி புரிகிறது. ஈரக் கோட்டைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்கிறேன், சற்றுச் சாய்ந்துகொள்ளத்தான், நிழலைக் கவனிக்க வேண்டும், நிழல் சுருங்குகிறதா, புன்னைப் பூ ஒன்று முகத்தில் விழுகிறது, தள்ளிவிட வேண்டும், குரல்கள் தறிகள்போல ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு, நிழலைக் கவனிக்க வேண்டும், உறைந்த துறைமுகத்தில் யாரோ என்னைத் தோளில்.

“தொரை. தொரை, எந்திரிங்க.” உலகம்மாள். துள்ளி எழுகிறேன், சூரியன் எங்கே, தலைக்குமேல், ஐயோ, இல்லை, இன்னும் ஒரு கை சாய்ந்துதான் இருக்கிறது. பகைவர் நடுவில் தூங்கியிருக்கிறேன், மூன்று நாளில் முதல் தூக்கம். அடுப்புகள் அணைந்திருக்கின்றன. கிளைகளில் தொட்டில்கள் இல்லை. மூட்டைகள் கட்டியாயிற்று, முன்வரிசை கழியில் இறங்கியாயிற்று. “பேசி முடிச்சாச்சு, நாங்க கெளம்பிட்டோம்” என்கிறாள், “நீங்க வரலியா?” வருகிறேன், வருகிறேன். அவளுக்கு இரண்டு கையும் நிறைந்திருக்கிறது, இடுப்பில் பேத்தி, தலையில் மூட்டை. ஒரு கணம் என்னைப் பார்க்கிறாள், பிறகு கால்கட்டிய கோழி ஒன்றை என் கையில் கொடுக்கிறாள். “கெட்டியாப் புடிச்சுக்கிங்க, கொத்தும்.” கொத்துகிறது.

கழியைக் கடந்து மணல்மேட்டில் ஏறிய பிறகுதான் கோட்டின் நினைவு வருகிறது. தோப்பிலேயே கிடக்கிறது. சட்டையோடு நடக்கிறேன், சேறு தொடைவரை, தலையில் தொப்பி இல்லை, வெயிலில் வெந்த முகம் இவர்கள் முகத்தோடு முகமாக. முன்னால் பார்க்கிறேன், கோட்டை மதில். மதிலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒரு பெருங்கூட்டம் வாசலை நோக்கி வருகிறது, ஆண்களின் தோளில் தறிக்கட்டைகள், துப்பாக்கிபோல, ஈட்டிபோல, கவர்னரைக் காணோம். ராஸ்க் அதைத்தான் பார்ப்பான். மேலே திரி எரிகிற புள்ளி தெரிகிறதா, வெயிலா? முன்னால் போக வேண்டும், வழி விடுங்கள், வழி விடுங்கள், எல்லாரும் சுமையோடு இருக்கிறார்கள், எங்கே விலகுவார்கள். முதலியார் பின்னால் எங்கோ. கோழி சிறகடிக்கிறது. கத்துகிறேன், என் சொந்த மொழியில், வாய்க்கு வந்த ஒரே கட்டளை, “கதவைத் திற!” குரல் உடைகிறது. மறுபடியும் கத்துகிறேன், “ராஜாவின் பேரால், கதவைத் திற!” மதிலில் ராஸ்க் தூரக்கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுகிறான், திரும்ப ஓட்டுகிறான், என் குரலைத் தேடுகிறான், கிடைக்கவில்லை, ஆனால் குரல் என்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிகிறது, கையைத் தூக்கித் திரியை விலக்கச் சொல்கிறான், தெரிகிறது, நான் பார்க்கிறேன். தாழ்ப்பாள் இழுபடுகிறது. வாசல் திறந்துகொள்கிறது. காவலுக்கு நிற்கிற சிப்பாய் விறைத்து நிமிர்கிறான், கவர்னர் நுழையும்போது ராஜ மரியாதை வைக்க வேண்டும், அது விதி, ஆனால் கவர்னர் எங்கே, எது கவர்னர், அவன் கண் அலைபாய்கிறது, முதல் தறிக்கட்டை வாசலுக்குள் நுழைகிறது, அவன் துப்பாக்கியை மார்புக்கு நேரே உயர்த்தி மரியாதை வைக்கிறான், இறக்கவில்லை, கிழ மீனவருக்கு, வண்ணாருக்கு, என் சமையற்காரனுக்கு, தலைப்பாகை சாய்ந்த முதலியாருக்கு, பேத்தியோடு உலகம்மாளுக்கு, நான் கோழியோடு அவனைத் தாண்டும்போதும் அவனுக்குத் தெரியவில்லை, வியர்வை கண்ணில் வழிய, கடைசி ஆள் உள்ளே வரும்வரைக்கும், எல்லாருக்கும் அப்படியே நிற்கிறான்.